மாமாவின் நண்டுக் கிளப்

என் அப்பா பால் பாக்கெட்டைக்கூட நம்பமாட்டார். வாங்கியதும் தூக்கிப் பார்த்து, ஓரத்தை அமுக்கிப் பார்த்து, கடைக்காரரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போடுவார். அவருடைய வேலை அப்படி. அடிபட்ட வண்டிகளைப் போய்ப் பார்த்து, காப்பீடு கேட்கிறவர் சொல்வது நிஜமா புளுகா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கே.கே. நகரில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டில் அந்த உத்தியோகத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை கிடையாது. நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் அவருக்கு வாழ்நாளிலேயே பெரிய கேஸ் ஒன்று கிடைத்தது. அந்தக் கேஸ் என் மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி, திருவாதவூர்க்காரர். டிப்ளமோ முடித்து, ஜப்பானில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போயிருந்தார். அவருக்கு என் அத்தையை, அதாவது எங்களோடு இருந்த அப்பாவின் ஒரே தங்கையை, நிச்சயம் செய்திருந்தார்கள். அத்தை தெருமுனைக் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். அவள் விரல் நுனியில் ஊசி குத்தினால் வலிக்கவே வலிக்காது என்று எங்கள் தெருவே சொல்லும். வாய்தான் திறக்கமாட்டாள்.

ஆவணியில் நடக்க வேண்டிய கல்யாணத்தை மாமா லீவு இல்லை என்று தைக்குத் தள்ளினார். புரட்டாசிக் கடைசியில், தையும் முடியாது, வைகாசியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அப்பாவுக்கு அது போதும். ஒரு தடவை தேதி மாற்றினால் தற்செயல், இரண்டாம் தடவை மாற்றினால் உள்நோக்கம் என்பது அவருடைய அலுவலகச் சட்டம். அங்கே ஒரு ஜப்பான்காரி இருக்கிறாள் என்று அவர் முடிவு கட்டினார். ஆதாரம் மட்டும்தான் பாக்கி.

உறவில் ஒரு கல்யாணம், நிச்சயத்துக்குப் பிறகு போனில் பேசிப் பேசியே முறிந்துபோயிருந்தது. அதனால் தாலி ஏறும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் பேசக்கூடாது என்று அப்பா கட்டளை போட்டிருந்தார். அத்தை அண்ணன் சொல் தட்டாதவள். ஞாயிறு காலை பத்து மணிக்கு அப்பாவின் போனில் மாமா முகம் வரும். அப்பா, அம்மா, நான் மூவரும் கூடத்தில் உட்கார்ந்து பேசுவோம். அத்தை அடுக்களை வாசலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவாள். மாமாவுக்கு அவள் தெரியமாட்டாள், அவளுக்கும் மாமா தெரியமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் ஏன் எப்போதும் பீன்ஸ் பொரியல் என்று நான் யோசித்ததே இல்லை.

முதல் ஆதாரம் செருப்பு வடிவத்தில் வந்தது. போனில் தெரிந்த மாமாவின் அறையில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. குளியலறை வாசலில் இன்னொரு ஜோடி, இளஞ்சிவப்பில். அப்பா படம் பிடித்து வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் அந்தச் செருப்பு யாருடையது என்று என்னைக் கேட்க வைத்தார். குழந்தை கேட்டால் சந்தேகம் வராதாம். மாமா சிரித்துவிட்டு, இந்த ஊரில் கழிப்பறைக்குத் தனிச் செருப்பு உண்டு, அதை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வர வேண்டும் என்றார்.

“கக்கூசுக்குன்னு தனியா ஒரு செருப்பாம்,” என்று அப்பா போனை வைத்த பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார். “ஒந்தம்பி இம்புட்டு நல்லா பொய் சொல்லுவான்னு நான் நெனைக்கல.”

அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் நான்காம் நாள் அந்தப் படத்தை அவளும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் முழுநேர உளவாளி ஆனேன். அப்பா கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தார். மாமா சொல்வதை எல்லாம் அதில் எழுத வேண்டும். நான் எழுதத் தொடங்கிய நேரம், மாமா கால்பந்து பேசத் தொடங்கியிருந்தார். எங்கள் பள்ளியில் அப்போதுதான் பெண்களுக்கு ஒரு கால்பந்து அணி ஆரம்பித்து, என்னை வெளியே உட்கார்ந்திருக்கும் ஆளாகச் சேர்த்திருந்தார்கள். அதைச் சொன்னதும் மாமா, நான் இருக்கிற ஊரிலும் ஒரு கிளப் இருக்கு பாப்பா என்று ஆரம்பித்தவர்தான், வாராவாரம் அதே பேச்சு. இதுவும் அப்பாவுக்குச் சந்தேகம். திருவாதவூரில் கபடி ஆடித் தோள்பட்டையை உடைத்துக்கொண்டவர் மாமா. பந்தைக் காலால் தொட்டதே இல்லை.

எனக்கு அதெல்லாம் கவலை இல்லை. உலகத்தில் ஒருவர் என்னை மதித்து, எனக்காகவே ஒரு கதையை வாரம் தவறாமல் சொல்கிறார். பெருமை தாங்கவில்லை.

நோட்டில் எழுதியது இப்படிப் போகும். மலைக்கும் கடலுக்கும் நடுவே சின்ன ஊர். அங்கே ஒரு தொழிற்சாலை. வேலை முடிந்த ஆட்கள் தாங்களே பனியை வாரிக் கொட்டிவிட்டு ஆடத் தொடங்கியதுதான் அந்த அணி. நாட்டில் சம்பளம் வாங்கி ஆடும் பெரிய போட்டிகள் வந்தபோது, கம்பெனிப் பெயர் கூடாது, ஊர்ப் பெயர்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஊர்ப் பெயரை வைத்து, அந்தக் கடலில் கிடைக்கும் நண்டைக் கொடியில் வரைந்தார்கள். ஒருவர் நண்டு வேஷம் போட்டு மைதானத்தில் பக்கவாட்டிலேயே ஓடுவார். ஒரே ஒரு வருடம் முதல் தர அணிகளின் வரிசைக்கு ஏறினார்கள். ஏறிய வேகத்தில் இறங்கினார்கள். தோற்ற நாளில் ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்று கூட்டத்தைப் பார்த்துக் குனிந்து வணங்குவார்கள். கூட்டம் வீட்டுக்குப் போகாமல் பாடிக்கொண்டே இருக்கும்.

ஐப்பசி முடியும்போது கதையில் கஷ்டகாலம் வந்தது. கம்பெனி கிளப்பைக் கை கழுவிவிட்டது. நல்ல ஆட்டக்காரர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். போக இடமில்லாதவர்கள் காலையில் காய்கறிக் கடையில் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஆற்றங்கரையில் பயிற்சி செய்கிறார்கள். குளிர் அறையில் ஈர முட்டைக்கோஸ் அடுக்கினால் முதலில் வலது சுண்டுவிரல்தான் மரத்துப் போகும், சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாது என்று மாமா சொன்னார். அதையும் எழுதினேன். அன்றைக்கு அடுக்களைப் பக்கம் கத்திச் சத்தம் நின்றிருந்தது. பீன்ஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

மார்கழியில் அப்பா கேஸை முடிக்க நாள் குறித்தார். மார்கழியில் நல்ல பேச்சு பேசக்கூடாது, இது நல்ல பேச்சில்லை, அதனால் பேசலாம் என்றார். திருவாதவூரிலிருந்து தாத்தா, அதாவது மாமாவின் அப்பா, வந்து கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காபியைத் தொடவில்லை. அம்மா கதவோரம் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். நிச்சயம் முறிந்தால் அவளுக்கு இரண்டு பக்கமும் போச்சு. பிறந்த வீட்டுக்கும் போக முடியாது, இந்த வீட்டிலும் தலைநிமிர முடியாது. அதைப் புரிந்துகொள்ளும் வயது எனக்கு இருந்தது. ஆனாலும் நோட்டைத் தூக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றபோது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்பா வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். நண்டு வேஷம் வந்த இடத்தில் தாத்தா என் அப்பாவை ஒரு மாதிரி பார்த்தார். மருமகனுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்ற பார்வை. கம்பெனி கை கழுவிய இடம் வந்ததும் அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார். போனை எடுத்தார். அந்தக் கிளப்பின் சரித்திரம் முழுவதும் இணையத்தில் இருக்கிறது. தமிழாக்கிப் படித்திருக்கிறார்.

“மாமா, இது எல்லாம் நெசந்தான்,” என்று தாத்தாவிடம் சொன்னார். “கம்பெனி விட்டுட்டுப் போனது நெசம். ஆட்டக்காரங்க காய்கறிக் கடையில நின்னது நெசம். ஆனா அது நடந்தப்போ ஒங்க மகன் இங்க பள்ளிக்கூடம் போயிக்கிட்டு இருந்தான். இப்ப அந்தக் கிளப்பு நல்லாத்தான் இருக்கு. ஏதோ போன வாரம் நடந்த மாதிரி வாராவாரம் எதுக்குச் சொல்றான்? பந்து வெளையாட்டுலயே இம்புட்டுப் பொய்யின்னா மத்ததுல எம்புட்டு இருக்கும்?”

மாமா என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார், அதையும் நான் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். நோட்டை மூடப் போனேன். அப்போது அத்தை அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். கூட்டம் நடக்கும்போது அவள் கூடத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. அப்பாவைப் பார்க்கவில்லை, தாத்தாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“கடைசி வாரம் என்ன சொன்னாரு, அதையும் வாசி.”

நான் பக்கத்தைத் திருப்பினேன். ஊரில் குளியல் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் ஆட்டக்காரர்களுக்கு இலவசமாக வெந்நீர்க் குளியலும் தங்க இடமும் கொடுத்திருக்கிறார். கிளப்பை மூடமாட்டார்கள். மாசியில் புது ஆட்டம் தொடங்கும். ஆனால் நம்பி முன்னாலேயே வருட டிக்கெட் வாங்கியவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்கள் விருப்பப்பட்டால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், யாரும் எந்த வருத்தமும் படமாட்டார்கள் என்று கிளப் சொல்லியிருக்கிறது.

வாசித்து முடித்தேன். அத்தை அப்பாவிடம் திரும்பினாள்.

“அண்ணே, வைகாசியிலேயே வையிங்க. எனக்குச் சம்மதம்.”

இத்தனை ஆதாரத்துக்குப் பிறகும் ஒரு ஆள் ஒப்புக்கொள்வதை அப்பா தன் உத்தியோகத்தில் பார்த்ததில்லை. பொய் சொல்கிறான் என்று தெரிந்துமா என்று கேட்டார். அத்தை தாத்தாவின் ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு சூடு பண்ணப் போனாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் மட்டும் அத்தை மேல் சந்தேகப்பட்டேன். இரண்டு மாசமாகப் பந்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவள், நடுக்கூடத்தில் வந்து என் நோட்டை ஏன் கேட்க வேண்டும்?

இரண்டு நாள் கழித்து, மாடிப்படியில் என்னை நிறுத்தி அவள் சொன்னது என் சந்தேகத்தைக் கூட்டியது. ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டுமாம். யார் சொன்னார்கள் என்று அவர் கேட்டால் மட்டும் தன் பெயரைச் சொல்லலாமாம்.

நான் கல்லூரி முடித்த வருடம் அத்தையும் மாமாவும் ஜப்பானிலிருந்து ஊருக்கு வந்திருந்தார்கள். ஒரு மாலை நானும் அத்தையும் வண்டியூர் தெப்பக்குளத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த வருடம் புரட்டாசியில் தொழிற்சாலை மாமாவின் பிரிவையே மூடிவிட்டது. வேலையும் போய், கம்பெனி கொடுத்த அறையும் போய்விட்டது. குளியல் கடைப் பெரியவர் மாடியில் இடம் கொடுத்தார். காலையில் காய்கறிக் கடையில் முட்டைக்கோஸ் அடுக்கியது மாமாதான். பெரியவர் அந்தக் கிளப்பின் பழைய ரசிகர். மாலையில் மாமாவுக்குத் தெம்பு சொல்ல, கிளப் விழுந்து எழுந்த கதையைச் சொல்வார். மாமா அதை எடுத்து ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் சொல்வார். வேலை போனது அப்பாவுக்குத் தெரிந்தால் நிச்சயம் அன்றே முறியும். அத்தையிடம் அதை மறைத்து அவளைக் கட்டிக்கொள்ளவும் அவருக்கு மனசில்லை. மாசியில் தொடங்கும் புது ஆட்டம் என்று அவர் சொன்னது, அவருக்குக் கிடைக்கவிருந்த புது வேலை.

எப்போது கண்டுபிடித்தாள் என்று கேட்டேன். அத்தை தன் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டாள்.

“அந்த வெரல் மொதல்ல மரத்துப் போகும்னு சொன்னாருல்ல. அது படிச்சுத் தெரிஞ்சுக்கிடுற விஷயமா?”

அப்பாவுக்கு இன்றுவரை இதைச் சொல்லவில்லை. சொன்னால், அப்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது என்பார். உண்மைதானே, மாமா எதையோ மறைக்கிறார் என்று முதலில் மோப்பம் பிடித்தவர் அவர்தான். செருப்பைப் பெரிதாக்கிப் பார்த்த மனிதர், என் நோட்டை ஒரு முறை அத்தை கேட்டதுபோல் கேட்டிருந்தால் கேஸ் அன்றே முடிந்திருக்கும்.

எனக்கும் அந்தக் கதை எனக்குச் சொல்லப்பட்டதே அல்ல என்று தெரிய அத்தனை வருடம் ஆனது. அதைக் கேட்டதும் கோபம் வரவில்லை. பத்து வயதுப் பிள்ளை ஒருத்தியை நடுவில் உட்கார வைத்து, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளிடம் மாமா எவ்வளவு கவனமாகப் பேசியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது.

ஆனால் அந்த ஞாயிறு எனக்கு ஒன்றும் தெரியாது. பத்து மணிக்கு மாமா முகம் வந்தது. அப்பா கடுகடுவென்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைகாசி என்று சொல்லி, போனை என் கையில் கொடுத்தார். அடுக்களைப் பக்கம் பீன்ஸ் நறுக்கும் சத்தம் கேட்டது. நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்; அவர் கேட்கும்வரை பொறுக்காமல் அத்தை பெயரையும் சேர்த்தே சொல்லிவிட்டேன்.

“மாமா, டிக்கெட்ட யாரும் திருப்பிக் குடுக்கலையாம். அத்தைக்கு எப்படித் தெரியும்னு எனக்குத் தெரியல. ஆனா அத்தைதான் சொல்லச் சொன்னாங்க.”

கத்திச் சத்தம் நின்றது. திரையில் மாமா முகம் சட்டென்று போய், வெறும் கூரையும் அதில் ஒரு விளக்கும் தெரிந்தது. ரொம்ப நேரம் அந்த விளக்கு மட்டுமே தெரிந்தது. சிக்னல் போயிருச்சா என்று அப்பா எட்டிப் பார்த்தார்.

“மாமா, போன் கீழ விழுந்துருச்சா?”

“ஆமா பாப்பா,” என்று எங்கோ தூரத்திலிருந்து குரல் வந்தது. “விழுந்துருச்சு.”

நான் தேதி போட்டு நோட்டில் எழுதினேன்: இன்று மாமா கிளப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போன் கீழே விழுந்துவிட்டது.