முகவரியின் வாலை மாற்றிய வாரம்

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் மேசையில் மணல் விழும்.

சாய்ந்தமருதில் ஒரு கடையின் மேல்மாடி அறை அது. அங்கே கடல் ஏறவில்லை. ஆனால் சுனாமிக்குப் பிந்திய அந்த மாதங்களில் படியேறி வந்த எல்லோருடைய கைகளிலும் கால்களிலும் மணல் இருந்தது. ஊர் முழுக்க ஈரச் சீமெந்து மணத்தது...

பள்ளிவாசல் நிவாரணக் குழுவுக்காக அந்த அறையில் நானும் இம்தியாஸும் ஒரு வெப்சைட் நடத்தினோம். நான் கம்பஸ் படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். அவன் கொழும்பில் ஒரு கம்பனியில் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவன். காணாமல் போன ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். படம், பெயர், கடைசியாக எங்கே கண்டது, என்ன உடுப்பு. கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்த உறவினர்கள் அந்தப் பக்கத்தின் முகவரியைத் துண்டில் எழுதி பேர்ஸில் வைத்திருந்தார்கள்.

மையித்து, அதாவது இறந்தவரின் உடல், கிடைத்து அடக்கியதும் குடும்பத்தினர் வந்து சொல்வார்கள். அன்றே அந்தப் பக்கத்தை எடுத்துவிடுவோம். மௌத்தானவரின் படம் அங்கே கிடப்பதை எவரும் விரும்பவில்லை. இதை யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை. ஆனாலும் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. பக்கம் இல்லையென்றால் ஆள் இல்லை.

முதலில் எல்லாவற்றையும் கையால் .html பக்கங்களாக எழுதினோம். பெயர்கள் கூடக்கூடச் சமாளிக்க முடியவில்லை. பட்டியலிலிருந்து பக்கங்களைத் தானே உருவாக்கும் php மொழிக்கு மாற்றினோம். அப்போது வந்தது அந்த விவாதம், முகவரியின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் என்ன வால் போடுவது என்று.

இம்தியாஸிடம் ஒரு பழைய புத்தகம் இருந்தது. அதைப் பார்த்து .php3 என்றான்.

"php-ல இப்ப அஞ்சாவது பதிப்பு நடக்குது. ஒவ்வொரு முறையும் நம்பர் மாத்திட்டு இரிக்கப் போறியா?" என்றேன்.

"அப்ப சும்மா .php போடுவம், ராத்தா" என்றான். அக்காவை ராத்தா என்றும் அண்ணனைக் காக்கா என்றும் அழைப்பது எங்கள் ஊர் வழக்கம்.

"இரிக்கிற .html இரிக்கட்டும். உள்ளுக்கு php ஓடச் சொல்லி சேர்வருக்குச் சொல்லலாம்."

"உள்ளுக்கு ஒண்டு, வெளியால ஒண்டா? அது பொய் இல்லையா?"

"வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வாங்கினா வீட்டு நம்பரை மாத்துவியா?"

"கம்பஸ் ஆக்கள் எல்லாத்துக்கும் ஒரு கதை வெச்சிரிப்பீங்க."

குழுவின் செயலாளர் ஹாஜியார், ஹாட்வெயார் கடைக்காரர், கேட்டுக்கொண்டிருந்தார். "எந்த வாலையெண்டாலும் வைங்க மக்காள். மாடு நடந்தாச் சரி."

பிறகு இலவசமாகக் கிடைத்த புதிய சேர்வரில் நான் சொன்ன வழிக்கு இடமில்லை என்று தெரிந்தது. எனவே .php தான். நான் கொழும்புக்கு ஒரு இன்டர்வியூவுக்குப் போயிருந்த வாரம் இம்தியாஸ் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் பழைய பக்கங்களை அழித்தான். பழைய முகவரியில் வருகிறவரைப் புதியதற்கு அனுப்பும் வரியை எழுதவில்லை. முதற்பக்கத்தில் புது லிங்க் இருக்கிறதே என்று நினைத்திருக்கிறான்.

நான் திரும்பி வந்த சனிக்கிழமை காலை பரீதா ராத்தா படியேறி வந்தார். அவருடைய ஆறு வயது மகள் ஸிமாராவுக்கு எங்களிடம் ஒரு பக்கம் இருந்தது. கணவர் றவூப் காக்கா தோஹாவில் டிரைவர். வெள்ளிதோறும் ஜும்ஆ முடிந்து ஒரு நெட் கஃபேயில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பவர்.

பரீதா ராத்தா உட்காரவில்லை. "தங்கச்சி, எண்ட புள்ளைட மையித்து கிடைச்சிட்டா?"

"இல்ல ராத்தா. ஆரு சொன்ன?"

"அவரு நேத்து கோல் எடுத்தாரு. பக்கம் இல்லையாம். எனக்கிட்ட ஒளிச்சி அடக்கிட்டீங்களா எண்டு கேட்டு அழுறாரு. றூம் ஆக்களோட காயிப் ஜனாஸாவும் தொழுதிட்டாராம்."

மையித்து முன்னால் இல்லாதபோது இறந்தவருக்காகத் தொழுகிற தொழுகை அது.

இம்தியாஸ் கீபோர்டை இழுத்து, விட்டுப்போன அந்த ஒரு வரியை எழுதினான். பழைய முகவரியைத் தட்டினேன். வெள்ளைச் சட்டையில் ஸிமாரா வந்தாள்.

பரீதா ராத்தாவின் ஃபோனிலிருந்து தோஹாவுக்கு நான் கதைத்தேன். "காக்கா, பக்கம் இரிக்கி. நாங்க முகவரியைத்தான் மாத்தின. புள்ளையப் பத்தி இன்னும் ஒரு தகவலும் இல்ல."

அவர் கேட்டார். "அப்ப நான் தொழுத தொழுகை?"

அவர் கேட்டதைப் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். பரீதா ராத்தா ஃபோனை வாங்கிக்கொண்டார். "தொழுதது தொழுததாவே இரிக்கட்டும். நீங்க புள்ளைக்காகக் கேக்கிற துஆவ விட்டிராதீங்க" என்றார்.

2009இல் யுத்தம் முடிந்த பிறகு றவூப் காக்கா ஊரோடு வந்துவிட்டார். குழு அதற்குள் கலைந்திருந்தது. வெப்சைட் மட்டும் என் பொறுப்பில் இருந்தது. பெரும்பாலான குடும்பங்கள் தேடியது போதும் என்று சொல்லித் தங்கள் பக்கங்களை எடுக்கச் சொல்லியிருந்தார்கள். கல்முனையில் என் ஒஃபிஸுக்கு அவர் வந்தபோது அதற்காகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"எடுத்திரவா, காக்கா?"

திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவளுக்கு இப்ப பத்து வயசு முடிஞ்சிருக்கும்" என்றார். பிறகு, "இரிக்கட்டும் தங்கச்சி. ஒருக்கா இல்லாமப் போனது போதும்."

இப்போது வெப்சைட் முகவரிகளுக்கு வாலே கிடையாது. என்னோடு வேலை செய்யும் பிள்ளைகளுக்கு .php3 என்றால் சிரிப்பு. அன்று அரை நாள் வாதாடியதை அவர்கள் நம்பமாட்டார்கள். தொழில்நுட்பம் முன்னேறிவிட்டது என்று யாராவது சொன்னால் நான் மறுப்பதில்லை... சந்தோஷப்படுவதும் இல்லை.

அந்தத் தளத்தைப் பலமுறை சேர்வர் மாற்றிவிட்டேன். ஒவ்வொரு முறையும் முதலில் தட்டிப் பார்ப்பது ஸிமாராவின் அந்தப் பழைய .html முகவரியைத்தான். றவூப் காக்கா புதிய முகவரியை ஒருநாளும் கேட்டதில்லை. நானும் கொடுக்கவில்லை.