ஈஸ்டர் முடியட்டும் என்று இருந்தேன்

குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். ஞாயிறு பூசை முடிந்ததும் நானும் எங்கள் கோயில் ஸ்டெல்லா அக்காவும் கஞ்சித் தூக்குகளோடு காரைக்காலில் உள்ள ஆஸ்பத்திரிக்கு நடப்போம். வழியெல்லாம் பாட்டும் சிரிப்பும்தான். ஒரு மணி நேரத்தில் இருபது கட்டில் நோயாளிகளுக்குக் கஞ்சி ஊற்றி, ஆறுதல் சொல்லிவிடுவோம். அந்த நடையை நினைத்தால் இன்றும் மனம் இனிக்கிறது.

"ஒரு மாசமா தெரிஞ்சும் ஏன் வரல?" என்றார், ஈஸ்டருக்குப் பிறகு நான் போய்ப் பார்த்த டாக்டரம்மா.

"ஈஸ்டர் முடியட்டும்னு இருந்தேன் டாக்டர்."

"கட்டிக்குத் தவக்காலமெல்லாம் தெரியாதும்மா."

இதைப் படிக்கும் சகோதரிகளே, நீங்கள் அப்படிக் காத்திருக்காதீர்கள்.

பயாப்ஸியில் (கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கும் சோதனை) புற்றுநோய் உறுதியானது. புதுச்சேரியில் மார்பை அகற்றினார்கள். பிறகு கீமோ (ரத்தக்குழாய் வழியே மருந்து ஏற்றும் சிகிச்சை). தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. பார்க்க வந்தவர்கள், "இவ்வளவு ஊழியம் செஞ்ச உங்களுக்கா?" என்றார்கள். எனக்குள்ளும் அதே கேள்விதான். ஜெபமாலையை எடுப்பேன். முதல் பத்து மணிகளைக்கூடத் தாண்ட முடியாது.

இரண்டாவது கீமோவுக்குப் பின் கடும் காய்ச்சல். என் கணவர் ஆரோக்கியம் என்னைச் சேர்த்தது, காரைக்கால் ஆஸ்பத்திரியில் நான் கஞ்சி ஊற்றிய அதே பெண்கள் வார்டில். பக்கத்துக் கட்டிலில் தன் தாயைப் பார்த்துக்கொண்டிருந்த நெரவி ஊர்ப் பெண் செல்வி என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"அக்கா, போன வருசம் எங்க வீட்டுக்காரர் ஆம்பளைங்க வார்டுல கிடந்தப்ப வந்தீங்க. கடவுள் கைவிட மாட்டார்னு சொன்னீங்க. எட்டே நாள்ல போயிட்டாரு."

நான் எழுந்து உட்காரப் பார்த்தேன்; அவள் படுக்க வைத்தாள்.

"கோவத்துல சொல்லலக்கா. சொன்ன கையோட அடுத்த கட்டிலுக்குப் போயிட்டீங்க. செத்த நேரம் எங்கூட உக்காந்திருக்கலாமேன்னு இருந்துச்சு."

"மன்னிச்சிரு செல்வி" என்றேன். அவள் ஒரு துணியை நனைத்து என் நெற்றியில் போட்டாள். சாயங்காலம் வரை தாய்க்கும் எனக்குமாக மாறி மாறி ஈரத்துணி போட்டாள். அன்று நான் ஆண்டவரிடம் ஏன் என்று கேட்கவில்லை. அவர் பக்கத்தில்தான் இருக்கிறார் என்று பட்டது. பல மாதங்களுக்குப் பிறகு ஜெபமாலையை முழுதாகச் சொல்லி முடித்தேன்.

சிகிச்சை முடிந்து அடுத்த தவக்காலத்தில் மறுபடி வார்டுக்குப் போனேன். இடது கையில் நிணநீர் வீக்கம் (வடிய வேண்டிய நீர் தேங்கிக் கை கனத்துப்போவது). தூக்குகளை ஸ்டெல்லா அக்காவே சுமக்கிறார். வெறுமையான இடப்பக்கம் சேலை இன்னும் சரியாக நிற்பதில்லை. இப்போது ஒரு காலையில் மூன்று கட்டில்கள்தான். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். எல்லாம் சரியாகிவிடும் என்று யாரிடமும் சொல்வதில்லை. அவர்கள் பேசினால் கேட்கிறேன், கேட்டுக்கொண்டால் ஜெபிக்கிறேன்.

கிளம்பும்போது, "அடுத்த ஞாயிறு வருவீங்களா?" என்று யாராவது கேட்பார்கள். முன்பெல்லாம் யோசிக்காமல் தலையாட்டுவேன். இப்போது ஒரு வாரம் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். ஒரு மூச்சு நிதானித்துவிட்டு, "வர்றேன்" என்கிறேன்.