சேதராப்பட்டில் எந்தப் பக்கம் நின்று பஸ் ஏறுவது?

கெஞ்சிக் கேட்கிறேன், இதை எங்கள் வீட்டில் யாருக்கும் காட்டாதீர்கள். ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு இன்று, சனிக்கிழமை, சேதராப்பட்டுக்குத் தனியாகப் போய் வந்தேன். அப்பாவுக்குத் தெரிந்தால் நான் பள்ளிக்கூடம் போவதே நின்றுவிடும். போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

போனதற்குக் காரணம் ஜெசிந்தா. என் வகுப்புதான், உப்பளம் என்கிற எங்கள் ஏரியாவிலேயே பக்கத்துத் தெரு. சேதராப்பட்டு நிறுத்தத்தில் ஒட்டுவதற்கு பஸ் தகவல் தாள் ஒன்று செய்யச் சொன்னார் டீச்சர். நான் ஐந்து வண்ணங்களில் எல்லா நிறுத்தங்களையும் பொடிப்பொடியாக எழுதினேன். அவள் பெரிய எழுத்தில் ஊர், வழி, பஸ் நேரங்கள், அவ்வளவுதான் எழுதினாள். "பத்தடி தள்ளி நின்னாலே படிக்க முடியுது பாருங்கடி" என்று அவளுடையதைத் தூக்கிக் காட்டினார் டீச்சர். என்னுடையதைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார். நாளை காலை அவளுடையது அச்சுக்குப் போகிறது. அதில் ஒரு தப்பாவது கண்டுபிடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது போலிருந்தது.

பஸ் ஸ்டாண்டில் 3.40க்கு ஏறினேன். டிக்கெட் இருபது ரூபாய், சுமார் பதினைந்து கிலோமீட்டர். அவள் தாளின் போட்டோவை வைத்து வழி முழுக்கச் சரிபார்த்தேன்.

"என்னா பாப்பா, எங்களயே செக்கிங் பண்றியா?" என்றார் கண்டக்டர்.

எல்லாம் சரியாக இருந்தது. வயிறு எரிந்தது.

திரும்புவதற்கு, எல்லா ஊரிலும் செய்வதுபோல், ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்றேன். 5.15 பஸ் நான் இறங்கிய டீக்கடைப் பக்கமே வந்து ஆட்களை ஏற்றி, அங்கேயே திரும்பிப் போய்விட்டது. நான் ஓடியும் பிடிக்க முடியவில்லை. கம்பெனி வேலை முடிந்து வந்த ஒரு அக்கா சிரித்தார்.

"எதிர்ல நின்னு வேடிக்க பாத்தா பஸ்சு வருமா? எறங்கன எடத்துலயே ஏறணும்."

"தாள்ல போடலயே அக்கா!"

"இன்னா தாளு? புதுசா வேலைக்கு வர்ற பொண்ணுங்க அல்லாம் மொத நாளு அங்கதான் நிக்குதுங்க. அப்புறம் இருட்டுல ஒத்தையா நின்னு அழுதுகினு கெடக்குதுங்க."

அடுத்த பஸ் 6.30க்கு. அதுவரை அந்த அக்கா என்னை விட்டு நகரவில்லை. வீடு வந்தபோது ஏழே முக்கால்.

ஆக, தப்பு கிடைத்துவிட்டது. ஆனால் சொன்னால் அவள் தாளில் ஒரு குறையும் இருக்காது. டீச்சர் இன்னும் கொண்டாடுவார். சொல்லாவிட்டால் எவளோ ஒருத்தி அந்த இருட்டில் நிற்பாள்.

போகிறவர்கள் டீக்கடைப் பக்கமே நில்லுங்கள். ரோட்டைக் கடக்காதீர்கள். சாயங்காலம் துணையோடு போங்கள்.

ஜெசிந்தாவுக்கு மெசேஜ் அடித்தேன்: "டீக்கடைப் பக்கம் அம்புக்குறி போடு. இறங்கின பக்கமே ஏறணும். கீழ என் பேரையும் போடு." பெயர் இருந்தால் நீ எப்போது அங்கே போனாய் என்று வீட்டில் கேட்பார்கள். கடைசி வரியை அழித்தேன். மறுபடி சேர்த்தேன். மறுபடி அழித்துவிட்டு அனுப்பினேன்.

அவளும் தூங்கவில்லை. "யாருடி சொன்னா?" என்று கேட்கிறாள். நான்தான்டி, நானே போய்ப் பார்த்தேன் என்று அடித்து

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா