அத்தைக்கு ஆகாத காற்று

காற்று வேண்டும் என்று சாமியிடம் கேட்கிற ஆள் எங்கள் லைன் வீடுகளில் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் வேண்டாம் என்றுதான் கேட்பார்கள். கோலார் தங்க வயலின் ஊரிகத்தில் எங்கள் வீட்டுக்கு மேற்கே சயனைட் மேடு இருக்கிறது. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய அரைத்த மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடு. சுரங்கம் மூடி இத்தனை வருஷம் ஆகியும் அது மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. ஆடி பிறந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் வரும். சோற்றில், தலையணையில், காயப்போட்ட துணியில், எங்கே தொட்டாலும் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஒட்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் ஊரில் அம்மி பறந்தால் பரவாயில்லை, மேடு பறக்கிறதே என்பதுதான் கவலை.

என் மாமியாருக்கு வீசிங். மற்ற மாதங்களில் நாலு வீடு தள்ளி நின்று சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பாக இருப்பார். ஆடியில் பேச்சு பாதியில் நின்றுவிடும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற சத்தம் சமையலறைவரை கேட்கும்.

அதனால் அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு வேலை உண்டு. பழைய நூல் புடவைகளை நனைத்துப் பிழிந்து மேற்குப் பக்கத்து ஜன்னல்களிலும் வாசலிலும் தொங்கவிட வேண்டும். தூசி ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தால் மறுபடி நனைக்க வேண்டும். சாயங்காலம் அலசினால் வாளித் தண்ணீர் சிமென்ட் கரைத்த மாதிரி ஆகிவிடும். நான் ஆபீஸ் போகிற நாட்களில் காலையில் தொங்கவிட்டுவிட்டுத்தான் ரயிலுக்கு ஓடுவேன். என் வீட்டுக்காரர் செய்தால் அத்தைக்குப் பிடிக்காது. "அவன் மாட்டினா வேட்டி காயப்போட்ட மாதிரி கீது" என்பார்.

இப்படிப்பட்ட வீட்டு மருமகளுக்குத்தான் நாற்பது வயதுக்கு மேல் விண்ட்சர்ஃபிங் பைத்தியம் பிடித்தது. பெங்களூர் ஆபீஸில் எல்லாரையும் ஒரு முறை மைசூர் பக்கம் ஓர் அணைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு கிளப். தண்ணீரில் ஒரு நீளமான பலகை, அதன் நடுவில் கம்பம், கம்பத்தில் ஒற்றைப் பாய். அதைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஓட்ட வேண்டும். சின்ன வயசுப் பிள்ளைகள் எல்லாம் தொப்தொப்பென்று விழுந்தார்கள். நான் நின்றேன். பெங்களூர் ரயிலில் பிடிக்கக் கம்பிகூடக் கிடைக்காமல் வருஷக்கணக்கில் நின்று பழகிய கால், அதற்குப் பலகை ஒன்றும் புதிதில்லை.

ஆனால் என்னை மயக்கியது நிற்பது அல்ல. அந்தப் பலகையின் நடுவே ஒரு பிளவு இருக்கும். அதன் வழியாக வாள் மாதிரி நீண்ட தகடு ஒன்று தண்ணீருக்குள் இறங்கும். டாகர்போர்டு என்பார்கள். காலாலேயே தள்ளி இறக்கலாம், ஏற்றலாம். அது இறங்கியிருந்தால் பலகை பக்கவாட்டில் நழுவாது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே வளைந்து வளைந்து ஏறிப் போகலாம். காற்றுக்கு எதிரே போக முடியும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. எங்கள் ஊரில் காற்று வந்தால் கதவைச் சாத்துவோம், அவ்வளவுதான். அன்றைக்குப் பலகை ஒரு ஓரமாகச் சாய்ந்து, அடியில் அந்தத் தகடு முனக, நான் காற்றின் முகத்தைப் பார்த்துப் போனபோது சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதுகூட உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறு அங்கேதான். கிளப்பில் ஒரு பழைய நீளப்பலகையை எனக்கென்று ஒதுக்கிக் கொடுத்தார்கள். குட்டைப் பலகைக்காரர்கள் பலத்த காற்று வரும்வரை கரையில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எங்களுக்குக் கொடித்துணி ஆடுகிற காற்று போதும். ஓட்டுவதற்குப் போதும், ஜெயிப்பதற்குப் போதாது. நான் கொஞ்சம் பூசின உடம்பு. மெல்லிய காற்றில் ஒல்லிப் பையன்களும் பெண்களும் "சாரி ஆன்ட்டி" என்று சொல்லிக்கொண்டே தாண்டிப் போவார்கள். காற்று உரமாக அடித்தால் கதை மாறும். பாய் ஆளைத் தூக்கும்போது அதைப் பிடித்து இழுத்து நிறுத்த எடை வேண்டும். அந்த நேரத்தில் நான் சாப்பிட்ட களியும் கறியும் எனக்குச் சாட்சி சொல்லும். ஆகவே காற்று வேண்டும். அதுவும் ஆடிக் காற்று வேண்டும்.

அத்தை இதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று கேட்டால், லைன் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். "ஊர்ல மாமியாருக்குக் காபில உப்பு போடுற மருமக கீறா. என் மருமக நேரா வாயு பகவான்கிட்டயே சொல்லி வெச்சிக்கீறா." எனக்குச் சுருக்கென்று இருக்கும். நான் இந்த வாரம் போகவில்லை என்று சொன்னால் அதற்கும் திட்டுவார். "போமா. நீ இங்க குந்தினா காத்து நின்னுடப் போவுதா?"

என் போனில் காற்றைப் பார்க்க ஒரு ஆப் உண்டு. அதில் இரண்டு ஊர் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் அணை, விரலால் தள்ளினால் கோலார் தங்க வயல். காற்று பலமாக வரப்போகிறது என்றால் கட்டங்கள் சிவப்பாகும். ரயிலில் உட்கார்ந்து முதல் பக்கத்தில் சிவப்பைப் பார்த்தால் மனசு குதிக்கும். தள்ளினால் அங்கேயும் சிவப்பு. அது அத்தையின் மூச்சு. மேற்கிலிருந்து வருகிற ஒரே காற்றுதானே, எனக்கு மட்டும் தனியாகவா வரும்? குதித்ததற்காக என்னையே திட்டிக்கொள்வேன். திட்டி முடித்ததும் மறுபடி முதல் பக்கத்துக்குப் போய்ப் பார்ப்பேன். அந்தக் கேவலத்தை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அந்த ஆப்பால் லைனில் எனக்குக் காத்துக்காரி என்றே பேர் விழுந்துவிட்டது. மிளகாய் காயவைக்க, வெள்ளையடிக்க, எதற்கும் என்னைக் கேட்பார்கள். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அத்தைக்கு அதில் பெருமை. டிவியில் சொல்வதை நம்ப மாட்டார், நான் சொன்னால் நம்புவார்.

போன ஆடியில் கிளப்பில் நீளப்பலகைக்கென்று தனியாகப் போட்டி வைத்தார்கள். வாரம் முழுவதும் முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு வெறும் வெளிர்நீலம். ஆடி மாதத்தில் இப்படி ஒரு நாளா, அதுவும் என் போட்டியன்றைக்கா? திங்கட்கிழமை பார்த்தேன், நீலம். வியாழக்கிழமை பார்த்தேன், நீலம். இரண்டாவது பக்கத்தைத் தள்ளிப் பார்க்கவே இல்லை. என் வயிற்றெரிச்சல் எனக்குப் பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பை கட்டிக்கொண்டிருந்தேன். அத்தை கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு கீற?"

"நாளைக்கிக் காத்தே இல்ல அத்த."

"சுத்தமா இல்லியா?"

"சுத்தமா."

"அடப் பாவமே. சரி, நாளைக்காவது இந்தப் புடவைங்கள நல்லாத் தோய்ச்சிக் காயப்போட்டுடுறேன். வீடு பூரா ஈர நாத்தம்."

அவர் சொன்னது என் காதில் விழுந்தது. மனசில் விழவில்லை. நான் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அணை தட்டில் ஊற்றிய கஞ்சி மாதிரி அசையாமல் கிடந்தது. முதல் ஓட்டத்தில் எனக்குப் பின்னால் ஒரே ஒரு ஆள், அவரும் கயிறு அறுந்து நின்றுவிட்டவர். இரண்டாவதிலும் ஏறக்குறைய அதே கதி. மூன்றாவதுதான் கடைசி. அதற்காகக் காத்திருந்தபோது பலகைமேல் உட்கார்ந்து, கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டு, வாய்விட்டே வேண்டினேன். தாயே, ஒரே ஒரு தடவை, ஒரு அரைமணி நேரம். தேங்காய் உடைக்கிறேன் என்றுகூடச் சொன்னேன். ஆப் காற்று இல்லை என்கிறது, நான் வரட்டும் என்கிறேன்.

வந்தது. மேற்குக் கரையோரம் தண்ணீர் கறுத்தது, அந்தக் கறுப்பு எங்களை நோக்கி ஓடிவந்தது. ஹாரன் அடித்ததும் தகட்டை முழுசாக இறக்கி, பலகையின் ஓரத்தில் இரண்டு காலையும் ஊன்றி, உடம்பு முழுவதையும் பாய்க்கு எதிராக வெளியே சாய்த்தேன். பலகை காற்றின் பக்கம் திரும்பி ஏறியது. ஒல்லிப் பிள்ளைகள் பாயைத் திறந்து திறந்து விட்டுக்கொண்டு தடுமாறினார்கள். காற்று வருகிற பக்கத்து மிதவையை எனக்கு முன்னால் ஒரே ஒரு பெண்தான் சுற்றினாள். சுற்றிக் காற்றோடு திரும்பியதும் தகட்டை ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் பலகை தூக்கிக் கவிழ்த்துவிடும். அவள் மறந்துவிட்டாள். நான் குதிகாலால் ஒரு உதை விட்டேன், தகடு உள்ளே போனது, பலகை தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறந்தது. கவிழ்ந்து கிடந்தவளைத் தாண்டும்போது "சாரிமா" என்றேன். முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டினேன்.

இப்போது எழுதும்போதும் கை சிலிர்க்கிறது, அதை மறைத்து என்ன பயன்? காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள், தூற்றிக்கொண்டேன். ஆப் தப்பு என்றால் எல்லா இடத்துக்கும்தானே தப்பு, இங்கே இப்படி அடித்தால் ஊரிகத்தில் எப்படி அடிக்கும் என்று அந்த அரைமணி நேரத்தில் ஒரு தடவையாவது தோன்றியதா? தோன்றவில்லை. எனக்கு வீடு இருந்த ஞாபகமே இல்லை.

கரைக்கு வந்து பையைத் திறந்தால் போனில் வரிசையாக வீட்டுக்காரர் அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டேன்.

"அம்மாக்கு மூச்சு முட்டிச்சி. ஆஸ்பத்திரில கீறோம், மாஸ்க் போட்டுக்கீறாங்க. இங்க காத்து பிச்சிக்கினு போவுது. நீ காத்து இல்லன்னுதானே சொன்ன?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பரிசு கொடுப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். பெங்களூர்வரை ஒருவர் காரில், அங்கிருந்து பஸ்ஸில். வழியெல்லாம் இரண்டாவது பக்கத்தைப் பார்த்தேன். ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் சிவப்பு என்று அதில் தெளிவாகவே போட்டிருந்தது. அணைக்குச் சொன்னதில்தான் ஆப் தவறியது. ஊருக்குச் சரியாகவே சொல்லியிருந்தது. பார்க்காதது நான்.

நடந்ததை வீட்டுக்காரர் சொன்னார். புடவைகள் எல்லாம் துவைத்துக் கொடியில். ஜன்னல்கள் எல்லாம் விரியத் திறந்து கிடந்தன. அவர் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குக் கறி வாங்கப் போயிருந்தார். அத்தை ஜன்னலோரக் கட்டிலில் படுத்து நன்றாகத் தூங்கிவிட்டார். வாயில் வைத்து அழுத்துகிற மருந்து சமையலறை அலமாரியில். எழுந்து போக முடியவில்லை. கதவு அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்காதான் வந்து பார்த்திருக்கிறார்.

அன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே விடவில்லை. விடிந்ததும் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். தரை, டிவி, சாமி படம், எல்லாம் சாம்பல். கட்டிலில் அத்தை படுத்திருந்த இடம் மட்டும் தூசி படியாமல், தலையும் தோளும் மடக்கிய காலுமாகச் சுத்தமாக இருந்தது. அதைத் தட்டி உதற எனக்குக் கை வரவில்லை. துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அத்தை சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் மாஸ்க், உள்ளே புகை மாதிரி மருந்து. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். நான் பார்த்தது அந்த ஊர்க் காற்றை, நம் ஊரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, என்னை மன்னித்துவிடுங்கள். "அத்த" என்று ஆரம்பித்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினார்.

"இன்னா ஆச்சி? ஜெயிச்சியா?"

தோற்றேன் என்றாலாவது என் பங்குக்கு நானும் எதையோ இழந்த மாதிரி இருக்கும் என்று தோன்றியது.

"இல்ல அத்த. தோத்துட்டேன்."

"காத்து வரலியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் சில்லென்று இருந்தன.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா பிளாஸ்க்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தார். வந்தவர் என்னைப் பார்த்து, "இன்னாமா காத்துக்காரி, இப்படிப் பண்ணிட்டியே" என்றார். அத்தைக்குப் பொறுக்கவில்லை. மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்.

"அவள ஒண்ணும் சொல்லாத. அவளே தோத்துட்டு வந்துக்கீறா, பாவம். அவளுக்குப் போவேண்டிய காத்தெல்லாம் வழி தப்பி இங்க வந்துட்டிச்சி. மொத்தத்தயும் நான் ஒருத்தியே முழுங்கிட்டேன்."

சொல்லிவிட்டு, தப்பு தன்மேல்தான் என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் மாஸ்க்கை எடுத்து அவர் முகத்தில் மாட்டிவிட்டேன்.