சீட்டைக் கழற்றிக் காட்டும் மதிவதனி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு இருபது. நசரத்பேட்டையில், வெளிவட்டச் சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில், மதிவதனி தன் சைக்கிளின் சீட்டைக் கழற்றுகிறார். அலன் கீ என்னும் அறுகோணச் சாவியால் இரண்டே திருப்பு. சீட்டையும் அது நிற்கும் குழாயையும் ஒன்றாக உருவித் தார் மேல் படுக்க வைக்கிறார். பிறகு சைக்கிளைத் தலைகீழாகத் தூக்கி இரண்டு முறை குலுக்குகிறார். ஒன்றும் விழுவதில்லை. ஒரே ஒருமுறை ஒரு கரப்பான்பூச்சி விழுந்தது. "தோ, அதான் மோட்டாரு! ஓடுது பாரு, புடிங்க" என்றார்.

சைக்கிள் குழாய்க்குள் சின்ன மோட்டாரை ஒளித்து வைக்க முடியும் என்று இரண்டு வருடங்களுக்கு முன் யாரோ ஒரு வீடியோவைச் சுற்றுக்கு விட்டார்கள். அதைப் பார்த்தவர்கள் மதிவதனியைப் பார்த்துச் சிரித்தார்கள். வாய்விட்டு யாரும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு முதல் இந்த வழக்கம் தொடங்கியது. குழாயில் எந்த உயரத்தில் சீட்டைத் திரும்பப் பொருத்த வேண்டும் என்பதற்குச் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். கழற்றி மாட்ட ஐம்பது விநாடி ஆகும். பலமுறை பார்த்துவிட்டேன், ஐம்பதுக்கு மேல் போனதில்லை.

ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் அளவு சரிபார்க்கும் பிரிவில் முப்பத்தாறு வருடம் இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு, பதினோரு வருடங்களாக, இந்தப் பந்தயத்தில் நேரம் குறிப்பவன். நசரத்பேட்டையிலிருந்து வடக்கே நெமிலிச்சேரிப் பக்கம் பத்து கிலோமீட்டர். அங்கே சாலை நடுவில் ஓர் ஆரஞ்சுக் கூம்பு. அதைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒருவராகக் கிளம்புவார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பட்டியல். மதிவதனி அந்தப் பட்டியலில் நாற்பத்து மூன்று முறை இருக்கிறார், நாற்பத்தொரு முறை முதலிடத்தில். மீதி இரண்டில் ஒன்று பஞ்சர். இன்னொன்றில் மூன்று நிமிடம் தாமதமாக வந்து சேர்ந்தார். கடிகாரம் யாருக்காகவும் நிற்காது என்பதால் அந்த மூன்று நிமிடத்தையும் அவர் கணக்கிலேயே சேர்த்தேன். அப்படியும் மூன்றாமிடம்.

வயது இருபத்தாறு. வீடு ஆவடி சேக்காட்டில். அம்மா வேம்புலியம்மாள் இட்லி மாவு அரைத்து விற்கிறார். அதைக் கொண்டுபோய்ப் போடுவது மகளின் வேலை. விடியற்காலையில், இன்னொரு பழைய சைக்கிளில், ஹேண்டில்பாரின் இருபுறமும் பைகள் தொங்க, அறுபத்து நான்கு பாக்கெட். ஞாயிறும் விடுமுறை இல்லை. மாவைப் போட்டுவிட்டுத்தான் பந்தயத்துக்கு வருவார். கிளம்பும் கோட்டருகே நிற்கும்போது லேசான புளித்த வாசனை வரும்.

அவர் ஓட்டுவதைப் பார்ப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது, இவர் முயற்சியே செய்யவில்லை என்பதுதான். மற்றவர்கள் தோளை ஆட்டுவார்கள், தலையை உலுக்குவார்கள், வாயைப் பிளப்பார்கள். மதிவதனிக்கு இடுப்புக்கு மேல் எதுவுமே அசையாது. மோட்டார்ப் பேச்சு பிறந்ததே இதனால்தான். நானே ஒருமுறை காரணம் கேட்டேன்.

"ஆடுனா மாவு குலுங்கும் டைம் சார். குலுங்குனா பொங்கிடும். பொங்குனா ரப்பர் பேண்டு தெறிச்சிடும். அம்மா மண்டைலயே குட்டும். பதிமூணு வயசுலேர்ந்து குட்டு வாங்கிகினு கீறேன்."

பிரேக் பிடிப்பதும் அவருக்கு அரிது. சட்டென்று பிடித்தால் பைகள் முன்னால் வீசி மோதிக்கொள்ளுமாம். அதனால் வளைவுகளில் வேகத்தைக் குறைக்காமல் உடம்பைச் சாய்த்துத் திரும்பப் பழகியிருக்கிறார்.

ஊசி போட்டுக்கொள்கிறார் என்றும் பேசினார்கள். மாநிலப் போட்டிகளில் இரண்டு முறை சிறுநீர்ச் சோதனை நடந்தது. இரண்டிலும் குற்றம் இல்லை என்று தாள் வந்தது. நகல் என்னிடம் இருக்கிறது. "இன்னும் கண்டுபிடிக்காத மருந்தா இருக்கும்" என்று அதற்கும் ஒருவர் சொன்னார். அதை என் கடிகாரத்தால் அளக்க முடியாது. எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு சைக்கிள் கம்பெனியின் தொழில்முறை அணி அவரைக் கேட்டு எழுதியது. மாதச் சம்பளம், புது சைக்கிள், வெளிமாநிலப் பந்தயங்கள். ஒரே நிபந்தனை: இருபது கிலோமீட்டரை முப்பது நிமிடத்துக்குள் முடித்ததாகச் சான்றளித்த நேரம் ஒன்று மாதக் கடைசிக்குள் வேண்டும். மாதத்தின் மூன்றாம் ஞாயிறு மதிவதனி 29 நிமிடம் 6 விநாடியில் வந்து சேர்ந்தார். இந்தச் சாலையில் அதற்கு முன் முப்பதுக்குள் யாரும் வந்ததில்லை.

ஆனால் கூம்பருகே நின்று, சுற்றியவர்களின் எண்களைக் குறித்த கோபியின் தாளில் அவருடைய ஐம்பத்தேழாம் எண் இல்லை.

என் வழக்கம் இது: வந்து சேர்ந்த நேரத்தை முதலில் பென்சிலில் எழுதுவேன். கூம்பைச் சுற்றியவர்களின் தாள் கைக்கு வந்ததும் எண்களை ஒப்பிட்டு, சரியாக இருந்தால் மையால் எழுதுவேன். எண் இல்லாவிட்டால் மை இல்லை. மை இல்லாவிட்டால் சான்றும் இல்லை. யாருக்காகவும் இதை மாற்றியதில்லை. அன்றும் மாற்றவில்லை.

இரண்டாவதாக வந்தவர் வெங்கட். கரூர்க்காரர், பூந்தமல்லி அடுக்ககம் ஒன்றில் குடியிருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர். அவருக்கு 30 நிமிடம் 11 விநாடி. மதிவதனிக்கு அரை நிமிடம் முன்னால் கிளம்பியவர். அவர் என் மேசைக்கு வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"சார், நான் யாரையும் குத்தம் சொல்லல. கூம்பைத் திரும்புறப்ப எனக்குப் பின்னாடி ஒருத்தரும் இல்ல. ரெண்டு கிலோமீட்டர் வந்து, சைக்கிள்ல இருக்குற ஸ்பீடு மீட்டர்லேர்ந்து தலையத் தூக்கினா, எழுபது மீட்டர் முன்னாடி போய்க்கிட்டு இருக்காங்க. வானத்துலேர்ந்தா குதிச்சாங்க? கூம்பு வரைக்கும் வராமலே திரும்பியிருக்காங்க."

கோபியைக் கேட்டேன். "நான் வெங்கட் அண்ணா நம்பர எழுதினு இருந்தேன் சார். அவங்க வர்ல. வந்திருந்தா பாத்திருப்பேன்ல?"

வேம்புலியம்மாள் அன்று மாலையே என் வீட்டுக்கு வந்துவிட்டார். "இன்னா நைனா, எம் பொண்ணு பாதி வயில திரும்பிட்டாளாமே? மாவு போடப் போனாகூட ஒரு ஊட்ட உட்டுட்டு வரமாட்டா அவ. நீ பென்சில்ல எயுதி வெச்சிகினு கீறியாம்!"

பின்னால் நின்ற மகள் அம்மாவின் தோளைத் தொட்டு நிறுத்தினார். "வர்ற ஞாயிறு இன்னொரு வாட்டி ஓட்றேன் டைம் சார். கோபிய உட்டுடுங்க, பாவம். கூம்பாண்ட வெங்கட் அண்ணாவையே நிக்க வைங்க. தாளும் அவரே எயுதட்டும். கண்ணு மூடாம பாக்கச் சொல்லுங்க."

மாதத்தின் கடைசி ஞாயிறு அதுதான். வெங்கட் தன் பந்தயத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் தாளும் பேனாவுமாக ஆறு மணிக்கே கூம்புக்குப் போய்விட்டார். எப்போதும் இருபது பேர் கூடும் இடத்தில் அன்று நூற்று முப்பது பேரை எண்ணினேன். மதிவதனி வழக்கம்போலச் சீட்டைக் கழற்றினார், குலுக்கினார், மாட்டினார். ஐம்பது விநாடி. 6 மணி 41 நிமிடத்துக்குக் கிளம்பினார்.

6 மணி 55 நிமிடத்தைக் கடந்து பதினாறு விநாடி ஆனபோது என் போன் அடித்தது. வெங்கட்.

"சார்... வந்துட்டாங்க, திரும்பிட்டாங்க. சுத்துனத கண்ணால பாத்தேன். கூம்புக்கு ஒரு சாண் தள்ளி. பிரேக்கே புடிக்கல சார்." மூச்சு வாங்கினார். ஓட்டியது இவர் போலிருந்தது. "அஞ்சு, ஏழு ரெண்டே எழுத்து. குனிஞ்சு எழுதிட்டு நிமிந்தா ஆளக் காணோம். கோபிகிட்ட சொல்லிடுங்க, அவன் மேல தப்பு இல்ல. அன்னிக்கி நான் மீட்டரப் பாத்துக்கிட்டு இருந்தப்பதான் என்னையும் தாண்டியிருக்காங்க."

சுற்றி நின்றவர்களிடம் அதை அப்படியே சொன்னேன். கோபிதான் முதலில் விசிலடித்தான். பிறகு யார் அடித்தார்கள் என்று என்னால் எண்ண முடியவில்லை.

மதிவதனி வந்து சேர்ந்தது 28 நிமிடம் 51 விநாடியில். முந்தைய வாரத்தைவிடப் பதினைந்து விநாடி குறைவு. வேம்புலியம்மாள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டிக்கொண்டு, "குடிடி மொதல்ல, குடிடி" என்று கூடவே ஓடினார். யாரோ மாலை வைத்திருந்தார்கள். மதிவதனி இரண்டையும் வாங்கவில்லை. இறங்கியதும் அலன் கீயை எடுத்துச் சீட்டை உருவித் தார் மேல் படுக்க வைத்தார். சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். ஐம்பது விநாடி கடந்தது. மூன்று நிமிடம் கடந்தது. சீட்டை மாட்டவில்லை.

கடைசி ஆள் கூம்பைச் சுற்றும்வரை அங்கே நின்றுவிட்டு, பன்னிரண்டாம் நிமிடம் வெங்கட்டின் மோட்டார் சைக்கிள் வந்தது. தாளை என்னிடம் கொடுத்தார். 57, அவசரத்தில் கோணலாக, ஆனால் தெளிவாக. நான் பேனாவைத் திறந்து 28:51 என்று மையால் எழுதினேன். முந்தைய வாரத்து 29:06 பென்சிலிலேயே இருக்கும்.

வெங்கட் தரையில் கிடந்த சீட்டைப் பார்த்தார். "ஐயோ, மாட்டும்மா. போதும்" என்றார்.

"நா கெளம்புறப்போ நீங்க இங்க இல்லியே, அண்ணா" என்றார் மதிவதனி. பிறகு சைக்கிளை அவர் முகத்துக்கு நேராகத் தலைகீழாகத் தூக்கி, இரண்டு முறை குலுக்கினார்.