பூஜை போட்ட கார்

இதை எழுதினால் பாவம் தீருமா, கூடுமா என்று தெரியாமல் பல வருஷம் தள்ளிப்போட்டேன்.

அறுபதுகளின் கடைசியில் ஊரை விட்டுப் போன ஒரு துரையிடம் பழைய சீமைக் கார் வாங்கினேன். தோல் சீட்டு, எவ்வளவு தூரம் ஓட்டினாலும் அலுங்காது. பெரியபாளையத்து அம்மன் கோயிலில் காருக்குப் பூஜை போட்டுத் திரும்பும்போது, ஒரு மீனவர் கைகாட்டி நிறுத்தினார். அதே அம்மனுக்கு வேண்டுதல் முடித்து வந்தவர். பின்னால் வாடகை மாட்டுவண்டியில் அவர் மனைவிக்குப் பிரசவ வலி.

"நைனா, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ."

"இப்பதான் பூஜை போட்ட வண்டி. தீட்டாயிடும்பா" என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

இரண்டு மைலில் ரேடியேட்டர் கொதித்து கார் நின்றது. பக்கத்தில் தண்ணீர் இல்லை. வெகுநேரம் நின்றேன். அந்த மாட்டுவண்டி வந்து சேர்ந்தது. மனைவி குடிக்க வைத்திருந்த தண்ணீர்ப் பானையை அவர் தூக்கி வந்தார்.

"இன்னா நைனா, அம்மன் வண்டிக்கே தாகமா? இந்தா, ஊத்து."

ஊற்றினேன். "ரெண்டு பேரும் ஏறுங்க" என்றேன்.

"தீட்டு?" என்றார்.

மாட்டுவண்டிக்குள்ளிருந்து மனைவி கத்தினாள்: "பேசிக்கினே இருங்க, நான் இங்கியே பெத்துடறேன்!"

திருவள்ளூர் ஆஸ்பத்திரி வாசலில், தோல் சீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது. தாயும் குழந்தையும் சுகம்.

தீட்டுக் கழிக்க மறுபடி பூஜை போடச் சொன்னார்கள் வீட்டில். நான் போடவில்லை. முதல் பூஜையை அம்மன் அந்த வாசலில்தான் ஏற்றுக்கொண்டாள் என்று எனக்குப் பட்டது.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். என்னை நல்லவனாக்கிச் சொல்லாதீர்கள். முதலில் விட்டுவிட்டுப் போனதையும் அப்படியே சொல்லுங்கள்.