குண்டு துளைக்காத சட்டையும் ருமானாவின் காலுறையும்

பர்மாவில், போட்டாதாங் படகுத்துறை டீக்கடைகளில் கொஞ்ச நாளாக ஒரே பேச்சு: மூன்றாம் மாடி தேவராஜ் குண்டு துளைக்காத இரும்புச் சட்டை பின்னுகிறாராம். யாருக்கு என்று கேட்டால் குரல் தாழ்ந்துவிடும். சட்டையைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் அது எத்தனை குண்டு தாங்கும் என்பதில் மட்டும் இரண்டு கட்சி இருந்தது.

சரி, பார்த்துவிடலாம் என்று படியேறிப் போனால், கரண்டு இல்லாத அறையில் கைக்கு ஒரு குறடாகப் பிடித்தபடி தேவராஜ் உட்கார்ந்தவாக்கில் தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் சட்டை. அது குண்டைத் தடுக்காது. ரப்பர் நுரையில் செய்த வாளைத் தடுக்கும்.

விஷயம் இதுதான். நகரத்து இளைஞர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கிடங்கு ஒன்றில் கூடி, அந்தக் காலத்துப் போர்வீரர்களாக வேடம் கட்டி அடித்துக்கொள்கிறார்கள். வாள் பொய்யாக இருக்க வேண்டும், கவசம் மெய்யாக இருக்க வேண்டும். உள்ளே பஞ்சு வைத்த அங்கி, அதன்மேல் இரும்பு வளையச் சட்டை, அதற்கும் மேல் தோல் மார்க்கவசம். வளையங்களின் வாய் இடைவெளியில்லாமல் மூடியிருக்க வேண்டும். நடுவர் ஒரு நைலான் காலுறையைச் சட்டைமேல் இழுப்பார். ஒரு நூல் மாட்டினாலும் சட்டை தள்ளுபடி. நிஜச் சண்டைகளுக்கு இவ்வளவு விதி கிடையாது.

தேவராஜ் துறைமுகத்தில் சரக்குச் சங்கிலி பழுது பார்த்தவர். இடுப்பு விட்டுப்போனதும் வேலையும் விட்டுப்போனது. இந்தச் சட்டை தேறினால் குழுவுக்கு வேண்டிய அத்தனை சட்டைகளும் இவர் கைக்கு வரும். தேறாவிட்டால் ஊருக்கு வெளியே ஷ்வேப்யிதாவில் ஓர் ஆலையின் காவல்வேலை, மச்சினன் சொல்லிவைத்தது. நின்றுகொண்டே பார்க்கிற வேலை. அதை நினைத்தாலே இடுப்பு முனகும்.

இதற்கு நடுவே தீமிதிக்குக் காப்புக் கட்டிவிட்டார். காப்புக் கட்டியவர் தோலைத் தொடக்கூடாது. தோல் வாசனையே வீட்டுக்குள் வரக்கூடாது என்று மனைவி பவுனம்மாள் வாசலிலேயே கோடு போட்டுவிட்டாள். எனவே மார்க்கவசம் எதிர்வீட்டு ஆபித் கைக்குப் போனது. பை, வார் எல்லாம் தைக்கிறவர்.

"பாய், அளவெல்லாம் சரியா இருக்கும்ல?"

"போடப்போற பையன் நெஞ்ச நானே நாடா வச்சு அளந்தேன் அண்ணே. நீங்க அம்மனப் பாருங்க, எருமைய நான் பாத்துக்கறேன்."

இப்படியாக இரும்பு இந்த வீட்டில், தோல் அந்த வீட்டில். நடுவில் ஒரு நடைபாதை. கல்யாணம் வரை முகம் பார்க்காத மாப்பிள்ளை பெண் மாதிரி இரண்டும் தனித்தனியே வளர்ந்தன. ஆபித்தின் மகள் ருமானா, கியாக்டடாவில் ஹோட்டல் வரவேற்பில் நிற்பவள், சோதித்துப் பார்க்கத் தன் காலுறையில் ஒன்றைக் கொடுத்தாள். "கிழிச்சா புதுசு வாங்கித் தரணும் மாமா."

ஞாயிற்றுக்கிழமை. நடுவர் கோ தூரா வாரநாளில் ஒரு அலுவலகத்தில் கணக்கர். அன்று மட்டும் தோளில் சால்வை போட்ட நியாயஸ்தர். அவருடைய காலுறை சட்டைமேல் வழுக்கிக்கொண்டு போனது. தேவராஜ் மூச்சுவிட்டார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்ட இளைஞனுக்கு ஆபித் மார்க்கவசத்தை மாட்டினார். வாரின் முனையும் கொக்கியும் நான்கு விரல் தள்ளி நின்று ஒன்றையொன்று பார்த்தன.

"பாய், வெறும் நெஞ்சையா அளந்தீங்க?"

"இரும்பு இவ்வளவு பருமன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ஒரு நாளு காட்டுனீங்களா?"

"காட்டலாம்னா நீங்க தோலத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பீங்க!"

"அப்ப சட்டைய வெளிய கொண்டாந்திருக்கலாம்ல? அதுக்கும் காப்பா?"



கோ தூரா குறுக்கே வந்தார். "உலே, நீங்க அந்தப் பக்கம் வாரைப் பிடிச்சு இழுங்க. நெருக்கிப் பூட்டிடலாம்." உலே என்றால் பர்மியத்தில் சித்தப்பா.

தேவராஜ் மணிக்கட்டைத் தூக்கி மஞ்சள் கயிற்றைக் காட்டினார். "தொடக்கூடாதுங்க."

"உங்களுக்கும் விதி உண்டா?"

"உண்டு. எங்க நடுவர் சாமி. கொஞ்சம் கண்டிப்பு."

விதி என்ற சொல்லுக்கு மட்டும் கோ தூரா இளகுவார். ஆட்டம் முடியும் வரை நேரம் கொடுத்தார்.

இரும்பைத் தொடலாம் அல்லவா? தேவராஜ் தரையில் உட்கார்ந்து சட்டையின் இரு விலாவையும் பிரித்தார். தொளதொளவென்று மடிந்து பருத்து நின்ற பகுதியை வரிசை வரிசையாகக் கழற்றி, மிச்சத்தை மறுபடி கோத்து வாய்களை மூடினார். பக்கத்தில் பிள்ளைகள் கூச்சலிட்டுச் செத்து, எழுந்து, மறுபடி செத்தார்கள். அவரோ ஒரே ஒருமுறை சாய்ந்து படுத்தால் போதும் என்றிருந்தார். கட்டைவிரல் மரத்துவிட்டது. எந்த வளையம் மூடியது, எது மூடவில்லை என்று விரலுக்குத் தெரியவில்லை.

பையிலிருந்து ருமானாவின் காலுறையை எடுத்தார். வலது விலா வழுக்கியது. இடது அக்குளில் 'சர்ர்'. முழங்காலிலிருந்து பாதம் வரை கிழிந்தது. கிழித்த வளையத்தைத் தேடிப் பிடித்து நெரித்தார்.

கோ தூராவின் காலுறை அதன்மேல் தண்ணீர் மாதிரி போனது. ஆபித் வாரை இழுத்தார். இளைஞன் வயிற்றை எக்கினான். கொக்கி விழுந்தது.

"தேறிடுச்சு உலே. மத்த சட்டையும் நீங்களே."

தேவராஜுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. இன்னும் எத்தனை வளையம் என்றுதான் கை வலித்தது.

திரும்பும்போது டீக்கடையில் ஒருவர் எட்டிப் பிடித்தார். "அண்ணே, உண்மையச் சொல்லுங்க, எத்தனை குண்டு தாங்கும்?"

"காலுறையே தாங்கலைய்யா" என்று படியேறினார். அந்தப் பேச்சையும் ரகசியச் சொல் என்று வைத்துக்கொண்டார்கள்.

மேலே ருமானா நின்றாள். "மாமா, என் ஸ்டாக்கிங்?"

"தீமிதிச்சிட்டு வாங்கித் தரேன்மா."

தீ மிதித்தாயிற்று. காப்பும் அவிழ்த்தாயிற்று. காலுறைதான் இன்னும் வாங்கியாகவில்லை. அடுத்த சட்டை கழுத்துவரை வளர்ந்துவிட்டது, இந்த முறை நடைபாதையிலேயே, ஆபித்தின் தோலோடு பக்கத்தில் பக்கத்தில். ருமானா வேலைக்குப் போகும்போது அவர்களைத் தாண்டித்தான் போகவேண்டும். அவள் காலடி கேட்டால் தேவராஜ் குறடுகளைப் பிடித்தபடி தூங்கிவிடுகிறார்.